யவனர் விட்டுப்போன கிழமைகள்

என் அன்பு ராஜிக்கு,

பதில் போடலைன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதேடி, உறையூர் வெயில் உனக்குத் தெரியாததா, மத்தியானம் எழுத உட்கார்ந்தா எழுத்துக்கு முந்தி வேர்வைதான் காகிதத்தில் விழுது. போதாததுக்கு எங்க அத்தை வேற. புதுச்சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கக் கொடுக்கணும்னு கிளம்பினாக்கூட காலண்டர் தாளைப் பார்த்துட்டு, "இப்போ சனி ஓரை, சுக்கிர ஓரையில போ"ன்னு நிறுத்தி வைக்கிறாங்க. சுக்கிரன் வர்றதுக்குள்ள தையல்காரர் டீ குடிக்கப் போயிடறார்.

அந்தக் கடுப்பில்தான் இந்த ஓரை எங்கேருந்து வந்ததுன்னு தேடிப் படிச்சேன். வேடிக்கையைக் கேளு, இது கிரேக்க ஜோசியர்கள் போட்ட கணக்காம்! ஏழு கிரகமும் மணிக்கு ஒண்ணா முறை வச்சு ஆளும். ஞாயிற்றுக்கிழமை முதல் ஓரை சூரியன், அப்புறம் சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய், மறுபடியும் சூரியன்னு சுத்திக்கிட்டே போனா 25-வது ஓரை சந்திரன்கிட்ட வந்து நிக்கும், அதான் மறுநாள் திங்கள். விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன், சரியா வருதுடி. ரோமாபுரிக்காரங்களுக்கு அந்தக் கிரகமெல்லாம் அவங்க சாமிகள்: வியாழன் ஜூபிடர், புதன் மெர்க்குரி, சனி சாட்டர்ன். கி.பி. 79-ல் எரிமலைச் சாம்பலில் புதைஞ்ச பொம்பெய் நகரத்துச் சுவர்ல யாரோ இந்தக் கிழமைகளை வரிசையா கிறுக்கி வச்சிருக்காங்க. நம்ம நாட்டில் 484-ல் மத்தியப் பிரதேசத்து ஏரண் கல்வெட்டில் வியாழக்கிழமை வந்தாச்சு. சம்பந்தர் கோளறு பதிகம் பாடின ஏழாம் நூற்றாண்டில் ஏழு பேரும் நம்ம வீட்டுப் பிள்ளைங்க.

வெள்ளிக்கிழமையை நினைச்சாத்தான் எனக்கு ஆச்சரியம் அடங்கலை. அவங்க ஊரில் அது வீனஸ்ங்கற பெண் தெய்வத்தோட நாள். நம்ம சுக்கிரனோ தாடி வச்ச அசுர குரு. அப்படியிருந்தும் வெள்ளிக்கிழமை யாருக்குப் போச்சு பார், அம்மனுக்கு! கூரையில்லாம வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற நம்ம வெக்காளியம்மன் கோயில்ல வெள்ளிக்கிழமை கால் வைக்க இடம் கிடைக்குதா சொல்லு.

யவனர்களுக்கு நம்மூர் புதுசுமில்லை. பெரிப்ளூஸ்னு முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வியாபாரி எழுதின கடல்வழிப் புத்தகத்தில் 'அர்காரு'ன்னு வர்றது உறையூர்தான்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. இங்கேருந்து மஸ்லின் துணி வாங்கிட்டுப் போனாங்களாம். பக்கத்துக் கரூர்ல அமராவதி ஆத்து மணல்ல ரோமானியக் காசு அவ்வளவு கிடைச்சிருக்கு. தமிழ்நாட்டில் கிடைக்கிறதில் திபேரியஸ் ராஜாவோட வெள்ளிக்காசு ரொம்பச் சாதாரணம், அதுக்குப் பின்பக்கம் ஒரு பொம்பளை நாற்காலியில் ஜம்முன்னு உட்கார்ந்திருப்பா. சமாதான தேவதைன்னு சிலர், தேவதை வேஷத்தில் ராஜாவோட அம்மா லிவியான்னு சிலர். எனக்கு அம்மான்னுதான் படுது. பிள்ளை சம்பாதிச்ச காசில் உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருக்கிற அந்தத் தோரணை எனக்குப் பழக்கமானதுதான், இதை அத்தைகிட்ட சொல்லித் தொலைக்காதே.

இப்போ விஷயத்துக்கு வரேன். நாத்தனார் பொண்ணுக்கு வந்த நல்ல வரன், ஜாதகத்தில் ஏழில் செவ்வாய்னு தட்டிப்போச்சு. மார்ஸ்ங்கற சண்டைக்காரச் சாமிக்கு உறையூர்க் கல்யாணத்தில் என்னடி வேலை? அத்தைகிட்ட இந்த ரோமாபுரிக் கதையெல்லாம் மூச்சு விடாம சொன்னேன். "எவன் கொண்டு வந்தா என்ன, தோஷம் தோஷம்தான்"னுட்டு செவ்வாய்க்கிழமைதோறும் வயலூர் முருகனுக்கு விளக்குப் போட அவளைக் கூட்டிட்டுப் போறாங்க. அவரும் படைத்தளபதிதானே, ஆள் பார்த்துத்தான் மனு கொடுக்கிறாங்க.

உங்க பக்கம் செவ்வாய் உள்ள பையன் யாராவது இருந்தா உடனே எழுது. படிப்பு டிகிரி போதும், உயரம் மட்டும் கொஞ்சம் பார்த்துக்கோ, இவ ஒட்டடைக் குச்சிடி. ஜாதகத்தை இத்தோட வச்சிருக்கேன்.

உன்,
கமலா