காரைநகர்க் கடற்கரையில் ஒரு குசினித் தரை

யாழ்ப்பாண நகரிலிருந்து காரைநகருக்குச் செல்வோர், பொன்னாலையைக் கடந்ததும் சற்று நேரம் நிலத்தை மறந்துவிடுகின்றனர். இருமருங்கும் பரவைக்கடல், நடுவே நீண்டு கிடக்கும் தாம்போதி, ஆங்காங்கே நீரில் நாட்டிய மீன்பிடிக் கம்புகள். சோளகம் வீசும் ஆனி, ஆடி மாதங்களில் பேருந்தின் சாளரத்தருகே அமர்ந்தவர் தமது தலைமயிரைப் பற்றிக் கவலைகொள்வது வீண். ஈழத்துச் சிதம்பரத்தைத் தரிசிக்கச் செல்வோரும் கசூரினாக் கடற்கரையில் நீராடச் செல்வோரும் இவ்வழியே போவர். நான் சென்ற ஆனி மாதத்திலே தொடர்ந்து நான்கு வார இறுதிகளில் இவ்வழியே போனது இவ்விரண்டின் பொருட்டுமன்று. ஒரு குசினியின் தரையின் பொருட்டு.

தீவின் வடகரையில், சவுக்கு மரங்களுக்கு அணித்தாய், ஒரு திருச்சபைக்குச் சொந்தமான வளவு உண்டு. ஆகஸ்ட் விடுமுறையில் நூற்றுக்கு மேற்பட்ட சிறுவர் சிறுமியர் பத்து நாட்கள் அங்கே முகாமிட்டுத் தங்குவர். எம்முடன் கற்பிக்கும் நண்பர் ஒருவர் அச்சபையைச் சேர்ந்தவர். பிள்ளைகள் செபிக்கும் மண்டபத்துக்கு நல்ல தரை உண்டு. படுக்கும் கூடத்துக்கும் உண்டு. பின்புறத்திலுள்ள குசினிக்கு மாத்திரம் தரை என்று பெயர் சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. முந்திய ஆண்டு முகாமின்போது, பிள்ளைகளால் ‘ஆச்சி’ என்றழைக்கப்படும் சமையற்கார அம்மையார், கொதிக்கும் கஞ்சிப் பானையுடன் அங்கே வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது, ஒரு பாதம் வெந்தது. அறுபது வயதைக் கடந்த அவர், “தரை சரியாகாமல் இனி வரமாட்டன்” என்று சொல்லிவிட்டார். அவர் வராவிட்டால் முகாம் நடவாது என்பது போதகர் முதல் பொடியள் வரை எல்லோரும் அறிந்த உண்மை.

நான் இரசாயனம் கற்பிப்பவன். அத்தரையைப் பார்த்தவுடன் அதன் நோய் இன்னதென்று விளங்கிற்று. மேற்பூச்சு கொப்புளம் கொப்புளமாய்க் கிளம்பியிருந்தது. விரலால் சுரண்டினால் வெண்பொடி உதிர்ந்தது. கையெட்டும் தூரத்தில் மணல் கொட்டிக் கிடக்கிறதே என்று, முன்னர் கட்டியவர்கள் கடற்கரை மணலையே அள்ளிச் சாந்து குழைத்திருக்கின்றனர். அம்மணலிலுள்ள உப்பு சும்மா இராது. ஈரம் ஏறுந்தோறும் கரைந்து மேலே வரும். காய்ந்ததும் பளிங்காய் உறைந்து பூச்சைத் தள்ளும். கம்பியால் தட்டிப் பார்த்தபோது பாதித் தரை பறை போல ஒலித்தது. போதாக்குறைக்கு, நீர் வடிவதற்குச் சரிவும் இல்லை. அரிசி கழுவிய நீரும் மீன் கழுவிய நீரும் அடுப்பின் முன்னே தேங்கி நின்றன.

எப்படிப் புதுப்பிப்பது என்பதில்தான் வழக்கு எழுந்தது. வெளிநாட்டிலுள்ள அன்பர் சிலர் பணம் அனுப்பியிருந்தனர். கண்ணாடி போன்ற வெள்ளைத் தரையோடு பதித்தால் படமெடுத்து அனுப்ப அழகாயிருக்கும் என்பது செயற்குழுவில் சிலருடைய எண்ணம். வேலைக்கு வந்த மேசன் வயது முதிர்ந்தவர், அதிகம் பேசாதவர். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “போதகர் ஐயா, அது வரவேற்பறைக்குச் சரி. எண்ணெயும் தண்ணியும் சிந்துற இடத்தில பளபளப்புப் போட்டால், போன வருசம் கை முறிஞ்ச ஆச்சிக்கு இந்த வருசம் இடுப்பு முறியும்” என்றார். இதற்கு மேல் ஒரு நியாயம் வேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை. ஆயினும் வாதம் ஒன்றரை மணி நேரம் நீடித்தது. ஈற்றில் போதகர் ஆச்சியையே அழைத்துக் கேட்டார். “வெறுங்காலோட நிக்கிறவள் நான்தானே” என்றார் அவர். வெள்ளைத் தரையோடு அத்துடன் மறைந்தது.

ஒரு குசினித் தரைக்கு இத்துணை வாதமா என்று வாசகர் நகைக்கலாம். நம்முடைய நாட்டில் குசினி எளிய இடமன்று. காரைநகருக்குப் போகும் வழியில் வட்டுக்கோட்டையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு செய்தி நினைவுக்கு வரும். அமெரிக்க மிசனரிமார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து, 1823இல் வட்டுக்கோட்டைச் செமினறியை நிறுவினர். அவர்களிடம் தங்கிக் கற்க வந்த சைவப் பிள்ளைகள் தொடக்கத்தில் மிசன் வளவுக்குள் உணவுண்ண மறுத்தனர். அடுத்த வளவிலே, சைவர் ஒருவருடைய நிலத்திலே, சமையலுக்கு இடம் ஒழுங்குசெய்ய வேண்டியதாயிற்று. பாடத்தை ஏற்ற மனம் சோற்றை ஏற்கவில்லை! இதனைப் பிற சமயத்தார்பாற் கொண்ட கூச்சம் என்று மாத்திரம் சொல்லித் தப்பிக்கவும் இயலாது. 1920களின் இறுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் நம்முடைய பாடசாலைகளிலே சமாசனத்துக்காகவும் சமபோசனத்துக்காகவும் எவ்வளவு போராட வேண்டியிருந்தது என்பதை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். யார் குசினிக்குள் நுழையலாம், யார் வாசலோடு நிற்கவேண்டும் என்ற கணக்கு எச்சமயத்தார் வீட்டிலும் இருந்தது.

ஆகவே பழைய தரையை உடைத்தெடுக்கும் வேலைக்கு வந்தவர்களைக் கண்டபோது எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. சபைப் பிள்ளைகள் எழுவர். எம்முடைய உயர்தர வகுப்பு மாணவர் ஐவர், நெற்றியில் திருநீற்றுடன். அயலிலுள்ள மீனவ இளைஞர் மூவர். எவர் எவ்வூர், எவர் எக்குலம் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. கடகத்தைக் கைமாற்றும் அவசரத்தில் அதற்கு நேரமும் இல்லை.

வேலை முறையாக நடந்தது. ஒரு முழ ஆழத்துக்குத் தோண்டி, எலி வளைகளை அடைத்து, கல்லும் மண்ணும் இட்டு, நீரூற்றி இடித்து இறுக்கினர். அதன்மேல் மூன்று அங்குலக் கொங்கிறீற்று: சீமெந்து ஒரு பங்கு, மணல் இரண்டு, சல்லி நான்கு. மணல் வன்னியிலிருந்து வந்தது. சீமெந்து தென்னிலங்கை மூடை. காங்கேசன்துறையில் 1950ஆம் ஆண்டில் தொடங்கிய ஆலை எம் காலடிச் சுண்ணக்கல்லையே சீமெந்தாக்கித் தந்தது. 1990இல் யுத்தத்தோடு அது நின்றது. தண்ணீர்தான் பெரும் பாடு. வளவுக் கிணறு உவர். அந்நீரைச் சேர்த்தால் பழைய நோய் திரும்பவும் வரும். பவுசரில் நன்னீர் வாங்கினோம்.

மேசன் ஐந்து அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் நூல் பிடித்துச் சரிவு அமைத்தார். தரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்றாக வார்த்தார். வெடிப்பு வந்தாலும் கோட்டோடு நிற்குமாம். விறகடுப்பு மூன்றும் நிற்குமிடத்தைத் தனியே விட்டு, செங்கல் அடுக்கிக் களிமண் பூசினார். நெருப்பின் கீழே சீமெந்து நெடுநாள் தாங்காது என்பது அவர் எந்நூலிலும் படித்தறிந்ததன்று. மேற்பூச்சிலே சிவப்புத்தூள் கலந்து, முற்றக் காயுமுன் தும்புத் தூரிகையால் மெல்ல இழுத்துச் சொரசொரப்பாக்கினார். வேண்டிய அளவு சொரசொரப்பு. கழுவினால் அழுக்குத் தங்காத அளவு.

அதன் பின்னர்தான் சோளகத்தோடு போர். சீமெந்து காய்வதால் வலிமை பெறுவதில்லை. நீரை உண்டு இறுகுவதால் பெறுகிறது. அக்காற்றோ ஈரத்தை ஒரு நாழிகையில் உறிஞ்சிவிடும். சன்னல்களுக்குப் படங்கு கட்டி, தரை முழுவதும் நனைந்த சாக்கு விரித்து, பத்து நாட்கள் காலை, மதியம், மாலை நீர் தெளித்தனர். வார நாட்களில் அப்பணியைச் செய்தவர்கள் அந்த மீனவ இளைஞர் மூவரே. கூலி பேச முயன்றபோது அவர்கள் கோபித்துக்கொண்டனர். அவர்களுள் ஒருவன், தான் சிறுவனாயிருந்தபோது இம்முகாமின் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்ததாகவும், ஆச்சி கூப்பிட்டுச் சோறு கொடுத்ததாகவும் சொன்னான்.

உள்ளே வேலை நடந்த நாட்களில் ஆச்சி வேம்பின் கீழே கல் வைத்துச் சமைத்தார். வெள்ளிக்கிழமை நான் சைவமென்று அறிந்து, கேட்காமலே கத்தரிக்காயும் பருப்பும் வேறு சட்டியில் ஆக்கிவைத்திருந்தார். “மீன் அகப்பை படயில்லை, மாஸ்டர்” என்று இருமுறை உறுதியும் கூறினார். மாணவர் சிரித்தனர். நான் இன்னொரு தரம் சோறு வாங்கினேன்.

ஆடி பிறந்த பின் சாக்குகளை அகற்றினர். போதகர் சிறு செபம் ஒன்று செய்து முடிக்குமுன்னரே ஆச்சி ஒரு வாளி நீரை உள்மூலையில் ஊற்றிவிட்டார். அந்நீர் சற்றுத் தயங்கி, பின் விரைந்து, செங்கல் மேடையைச் சுற்றிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி, வெளியேயுள்ள வாழைகளுக்குப் போயிற்று. அடுத்துச் சிறிது தேங்காயெண்ணெயைச் சிந்தி, வெறுங்காலால் அதன்மேல் முன்னும் பின்னும் நடந்தார். முறிந்து கூடிய கையால் ஒருவரையும் பிடிக்கவில்லை. மேசன் வாசலில் நின்று அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆகஸ்டுக்கு எத்தனை பிள்ளையள்?” என்று கேட்டார் ஆச்சி.

நூற்றிருபது என்று போதகர் கூறினார். பெரிய கிடாரத்துக்கு ஈயம் பூசக் கொடுக்க வேண்டும், விறகு இப்போதே சொல்லிவைக்க வேண்டும் என்று ஆச்சி கணக்குச் சொல்லத் தொடங்கினார்.