ஏழையின் வண்டி

சந்தூக்கு இல்லாத பள்ளிவாசல் எமது ஊர்களில் இல்லை. மையித்தைச் சுமக்க அழைக்காமலே தோள்கள் வந்து சேரும். ஆனால், நடுச்சாமத்தில் பிரசவ வலியெடுத்தவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் தேடித்தான் திரிந்தோம். இதை எண்ணும்போதெல்லாம் கராச்சியின் அப்துல் சத்தார் எதி நினைவுக்கு வருவார்.

1928இல் குஜராத்தின் பாந்த்வாவில் பிறந்து, 1947இல் கராச்சிக்குக் குடிபெயர்ந்தவர். கொழும்பு வர்த்தகத்தில் நாம் அறிந்த மேமன் சமூகத்தைச் சேர்ந்தவர். அங்கே ஒரு தர்ம மருந்தகம் சொந்தச் சமூகத்தாரை மட்டுமே கவனிப்பதைக் கண்டு முரண்பட்டு, 1951இல் எல்லோருக்குமாகச் சிறியதொரு மருந்தகத்தைத் திறந்தார். 1957இல் ஆசியக் காய்ச்சல் பரவியபோது கூடாரமடித்து நோயாளரைப் பார்த்தார். அந்தச் சேவையைக் கண்டு கிடைத்த நன்கொடையில் ஒரு பழைய வேனை வாங்கி, ‘ஏழையின் வண்டி’ என்று பெயரிட்டுத் தானே ஓட்டினார். நோயாளர்களும் அதில் போனார்கள். எடுக்க ஆளில்லாத மையித்துகளும் போயின. அழுகிய உடல்களைக்கூடத் தன் கையாலேயே குளிப்பாட்டினார். மக்களின் ஸக்காத்தும் ஸதக்காவும் அந்த ஒரு வண்டியை ஆயிரத்துக்கும் மேற்பட்ட அம்புலன்ஸ்களாக்கின. தாதியான மனைவி பில்கீஸ் 2022இல் மறையும்வரை இப்பணியில் நின்றார்.

ஹிந்துக்களையும் கிறிஸ்தவர்களையும் ஏன் ஏற்றுகிறீர் என்று கேட்டவர்களிடம், உங்களைவிட எனது வண்டி நல்ல முஸ்லிம் என்றாராம்.

பத்தாம் தரத்தில் ஒருநாள் இதைச் சொன்னேன்.

“அவர் மௌலவியா சேர்?”

“இல்லை மகன். பெரிய படிப்பும் இல்லை.”

“அப்ப குளிப்பாட்ட ஆருக்கிட்டப் படிச்சாரு?”

பக்கவாதத்தில் கிடந்த தாயைச் சிறுவயதிலேயே கழுவித் துடைத்துப் பராமரித்தவர் அவர் என்றேன். வகுப்பு அமைதியானது.

எதி 2016 ஜூலை 8இல் காலமானார். அதே மாதத்தில்தான் இந்தியாவின் உதவியோடு 1990 சுவசெரிய சேவை இங்கு மேல், தென் மாகாணங்களில் ஆரம்பமானது; பின்னர் நாடு முழுவதற்கும் வந்தது. காசு கேட்பதில்லை, இனமும் கேட்பதில்லை. எனினும் அது அவசரத்துக்கான வண்டி. இரத்தச் சுத்திகரிப்புக்காக வாரந்தோறும் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் சிறுநீரக நோயாளியும், துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பப்படும் முதியவரும் இன்னமும் முச்சக்கரவண்டிக் கூலியைத்தான் எண்ணிப் பார்க்கிறார்கள்.

ஜனாஸா வாகனம் வாங்க நிதி சேர்க்கும் ஜமாஅத்துகள் இவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். அப்படியொரு வண்டி வந்தால், அது பக்கத்துத் தமிழ்க் கிராமத்தின் வாசலிலும் நிற்கட்டும். எங்கட ஆட்களுக்கு மட்டும் என்று எழுதி ஓட்டுவதென்றால், எதி வெளியேறிவந்த அந்த மருந்தகத்துக்குத்தான் நாம் திரும்பிப் போகிறோம்.