கடை ஞாயிறும் பனிக்கரடியும்

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணைத் திட்டவேண்டும் என்றால் முதலில் வாயில் வருவது அவளுடைய தூக்கம்தான். விடிந்தும் படுத்திருக்கிறாள், விளக்கு வைக்கும் நேரத்தில் படுத்துவிட்டாள், பட்டப்பகலில் கண் அசந்துவிட்டாள். ஆண் தூங்கினால் அசதி, பெண் தூங்கினால் சோம்பல். இந்தக் கணக்கை எதிர்த்துப் பேச எனக்கு ஒரு துணை கிடைத்தது விலங்கியல் படிக்கப் போன பிறகுதான். அந்தத் துணை, அலாஸ்காவில் வளை தோண்டி வாழும் ஓர் அணில்.

ஆர்க்டிக் தரை அணில் என்று பெயர். ஆண்டில் ஏழெட்டு மாதம் உறைந்த மண்ணுக்குள் சுருண்டு கிடக்கும். அதன் உடல் வெப்பம் சுழியத்துக்கும் கீழே, மைனஸ் 2.9 டிகிரி செல்சியஸ் வரை இறங்குகிறது என்பதை பிரையன் பார்ன்ஸ் என்ற ஆய்வாளர் 1989இல் வெளியிட்டார். அந்தக் குளிரிலும் ரத்தம் உறைவதில்லை. இதயம் நிமிடத்துக்குச் சில முறைதான் துடிக்கும். மூளையில் நரம்புச் செல்களுக்கு இடையே உள்ள இணைப்புகள்கூடச் சுருங்கிக்கொள்கின்றன. பார்ப்பவர்களுக்கு அது தூக்கம். உண்மையில் தூக்கமே இல்லை. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அந்த அணில் தன் கொழுப்பை எரித்து, உடம்பெல்லாம் நடுங்கி, நம்முடைய உடல் சூட்டின் அளவுக்குத் தன்னை ஏற்றிக்கொள்கிறது. ஒரு நாளுக்கும் குறைவான நேரம் அந்தச் சூட்டில் இருக்கும். அப்போது அது என்ன செய்கிறது தெரியுமா? பெரும்பாலும் தூங்குகிறது. அவ்வளவு குளிர்ந்து கிடக்கும் மூளைக்குத் தூங்க முடிவதில்லை, தூங்குவதற்காகவே எழுந்து வருகிறது என்று ஒரு விளக்கம் உண்டு. சேர்த்துவைத்த கொழுப்பில் பெரும்பகுதி செலவாவது இப்படி எழுந்திருப்பதற்குத்தான்.

இந்தப் பாடத்தை நடத்தும்போது ஒரு மாணவி எழுந்து, “எங்கம்மா கம்பெனி பஸ்ல கண்ண மூடிக்கினு வருவாங்க மேடம், தூங்குறீங்களான்னு கேட்டா இல்லம்பாங்க. அதுதானே இது?” என்று கேட்டாள். அதற்கு மேல் அந்த வகுப்பில் நான் விளக்கவேண்டியது எதுவும் இருக்கவில்லை. அங்கிருந்தவர்களில் பாதிப்பேரின் அம்மாக்கள் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் இருப்பவர்கள்.

என் அக்காவும் அப்படித்தான். விரிஞ்சிபுரத்திலிருந்து ஆம்பூர் நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கம்பெனி பஸ் ஆறேகாலுக்கு நெடுஞ்சாலையில் வந்து நிற்கும். அதைப் பிடிக்க அவள் நாலரைக்கு எழவேண்டும். தண்ணீர் பிடித்து, இரண்டு வேளைக்கும் ஆக்கி, மாமாவுக்கும் அத்தைக்கும் எடுத்து வைத்து, தனக்கு டிபன் பாக்ஸில் அள்ளிக்கொண்டு ஓடுவாள். பள்ளிகொண்டா சுங்கச்சாவடி வருவதற்குள் பஸ்ஸில் இருக்கும் அத்தனை தலைகளும் ஜன்னல் கம்பியில் சாய்ந்திருக்கும். அவளுக்கு அப்பர் தைக்கும் வேலை. ஷூவின் மேல்பாகத் தோலை மெஷினில் ஒன்றாகத் தைப்பது. மணிக்கு இத்தனை ஜோடி என்று டார்கெட். ஏப்ரல், மே மாதங்களில் அவர்கள் லைனில் ஓடுவது பனிக்கால பூட்ஸ். உள்ளே மெத்தென்று கம்பளி லைனிங் வைத்தது. ஐரோப்பாவில் குளிர் தொடங்குவதற்குள் கடைக்குப் போய்ச் சேரவேண்டுமே. வெளியே அக்னி நட்சத்திரம், வேலூர் வெயில் நாற்பதைத் தாண்டி நிற்கும். அக்காவின் மடியில் கம்பளி. “யாரோ ஒருத்தி கால் சூடா இருக்கணும்னு என் மடி வேகுது” என்பாள்.

இங்கே பனி கிடையாது. எங்கள் கொடுங்காலம் கோடைதான். அதனால் எங்கள் ஊர் உயிர்கள் மண்ணுக்குள் போவதும் கோடையில்தான். ஏரி வற்றும்போது நத்தை சேற்றுக்குள் இறங்கி, ஓட்டின் வாயைத் தன் மூடியால் அடைத்துக்கொள்ளும். அதற்குச் செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. தண்ணீர் போனபின் நுரையீரலை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கும். வளை தோண்டும் தவளைகள் பின்னங்கால்களால் மண்ணைத் தள்ளித் தள்ளிப் பின்பக்கமாகவே உள்ளே போய்விடும். முதல் மழை இரவில் ஒன்றாக வெளியே வந்து அவை போடும் கூச்சலில் பேச்சு கேட்காது.

ஆனால் மண்ணுக்குள் போவதற்கு மண்ணை நம்பவேண்டும். தவளை தன் தோலாலேயே ஈரத்தை உறிஞ்சுகிறது. மண்ணில் என்ன இருக்கிறதோ அதுவும் கூடவே உள்ளே போகும். 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, டேனரிகள் இருக்கும் இந்தப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனதைப் பதிவு செய்தது. மாசு செய்தவரே அதற்கு விலை கொடுக்கவேண்டும் என்று இந்தியச் சட்டத்தில் அழுத்தமாக எழுதப்பட்டது எங்கள் பாலாற்றுக்காகத்தான். 2025 ஜனவரியிலும் அதே உச்ச நீதிமன்றம் அதே தோல் கழிவைப் பற்றி மறுபடி தீர்ப்புச் சொல்லவேண்டியிருந்தது. நடுவில் ஆற்று மணலையும் அள்ளினார்கள். சிறுமியாக இருந்தபோது பாலாற்றில் கையால் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்தவள் நான். மேலே வறண்டு கீழே ஓடும் ஆறு அது. ஆறுகூடக் கோடையில் மண்ணுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை என்று அடுக்கிக்கொண்டே வந்து, கடைசியில் அழகில்லாத பெண்கள் என்று முடிப்பார்கள். கோட்டைக் கோயிலுக்கு 1981இல் சாமி வந்துவிட்டது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியது. பெண்களைப் பற்றிய பாதியை மட்டும் இன்னும் யாரும் திருத்தவில்லை. நாலரைக்கு எழுந்து ஏழரைக்கு வீடு திரும்பும் முகத்தில் என்ன அழகைத் தேடுகிறார்களோ.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகி ஆறு வருடம். குழந்தை இல்லை. விரிஞ்சிபுரத்தில் பிறந்தவளுக்கு இது இரட்டைச் சுமை. எங்கள் மார்க்கபந்தீஸ்வரர் கோயில் மதிலுக்குப் பேர்போனது. அதைவிடப் பேர்போனது கார்த்திகைக் கடை ஞாயிறு. சனிக்கிழமை நள்ளிரவில் சிம்மக் குளத்தைத் திறப்பார்கள். சிங்கத்தின் வாய்போல அமைந்த வாசலுக்குள் இறங்கி, பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் முங்கி எழுவார்கள். பிறகு ஈரத்துணியோடு பிரகாரத்தில் படுக்கவேண்டும். கனவில் பூவோ பழமோ வந்தால் வரம் கிடைத்தது என்று நம்பிக்கை. எங்கெங்கிருந்தோ பஸ் பிடித்து ஆயிரக்கணக்கில் வருவார்கள். உள்ளூர்க்காரி போகாமல் இருக்க முடியுமா? “கோயில பக்கத்துல வெச்சிக்கினு ஊர் ஊரா ஆஸ்பத்திரிக்கு அலையறாளே” என்று அக்கம்பக்கம் பேசிவிடும்.

மூன்று வருடம் அவள் போனாள். மூன்றாம் வருடம் துணைக்கு நான் போயிருந்தேன். மார்கழிக் குளிர் எட்டிப் பார்க்கும் நேரம். கல்தரையில் வரிசையாக ஈரச் சேலைகள். யாரும் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. அங்கே ஒரு அமைதி இருந்தது, அதை என்னால் எளிதாக மூடநம்பிக்கை என்று சொல்லி ஒதுக்க முடியவில்லை. அத்தனை பெண்கள் ஓரிடத்தில் ஒரு வேலையும் செய்யாமல் படுத்திருந்து நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. விடியும்போது அத்தை வந்து, “கனவுல இன்னா வந்துச்சி? பூவா, எலுமிச்சம்பழமா?” என்று கேட்டார். அக்கா எதுவும் சொல்லவில்லை. திரும்பி வரும் வழியில் என் காதோரம் சொன்னாள்: “செம தூக்கம்டி பாப்பா. ஆறு வருஷத்துல யாரும் எழுப்பாத தூக்கம் இதுதான். கனவு காண எங்க நேரம்?”

அந்த வாரம்தான் நான் அவளுக்குப் பனிக்கரடியைப் பற்றிச் சொன்னேன்.

குளிர்காலத்தில் கரடிகள் எல்லாம் தூங்கும் என்று நினைக்கிறோம். பனிக்கரடிகளில் அப்படி மாதக்கணக்கில் குகைக்குள் போவது கர்ப்பிணிகள் மட்டும்தான். ஆண் கரடிகளும் சினையில்லாத பெண் கரடிகளும் அந்த இருட்டிலும் கடல்பனியில் வேட்டையாடிக்கொண்டு அலையும். கர்ப்பிணி பனியைத் தோண்டி உள்ளே போய், அங்கேயே குட்டி போடுகிறாள். பிறக்கும்போது குட்டியின் எடை ஒரு கிலோகூட இருக்காது. மார்ச், ஏப்ரல் வரை ஒரு வாய் தின்னாமல் பால் கொடுக்கிறாள். அந்தப் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. ஹட்சன் விரிகுடாப் பக்கம் கோடையில் கடல்பனி உருகி வேட்டை நின்றுபோவதால், அங்கே கர்ப்பிணிகளின் பட்டினி எட்டு மாதம் வரை நீளும்.

இந்த இடத்தில் தொலைக்காட்சிப் படங்களில் பின்னணிக் குரல் கனத்துவிடும். தாய்மை, தியாகம். எனக்கு அந்தக் குரலைக் கேட்டாலே எரிச்சல் வரும். ஏனென்றால் அதற்கு முந்திய பாதியை அவர்கள் சொல்வதில்லை. பனிக்கரடி இணை சேர்வது வசந்தத்தில். கரு உருவாகி, சில நூறு செல்களோடு வளர்ச்சி நின்றுவிடும். கருப்பையில் ஒட்டாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். அந்த மாதங்களில் அவள் தின்கிறாள். சீல்களைத் தின்று தின்று எடையை இரட்டிப்பாக்கிக்கொள்ளும் கரடிகளும் உண்டு. இலையுதிர்காலம் வரும்போது உடம்பில் போதுமான கொழுப்பு இருந்தால்தான் கரு ஒட்டும். இல்லையென்றால் இந்த வருடம் குட்டி இல்லை, அவ்வளவுதான். ஹட்சன் விரிகுடாவில் ஆய்வாளர்கள் எடை பார்த்ததில், குட்டி ஈன்றவற்றிலேயே இளைத்த கரடிகூட இலையுதிர்காலத்தில் 189 கிலோ இருந்தது. முதலில் தாயின் கையிருப்பு, பிறகுதான் பிள்ளை. அவளை யாரும் குளத்துக்கு அழைத்துப் போவதில்லை.

(இன்னொன்றும் சொல்லியாகவேண்டும். கலைமான்களில் பெண்ணுக்கும் கொம்பு உண்டு. ஆண்கள் இனச்சேர்க்கை முடிந்து குளிர்காலத் தொடக்கத்தில் கொம்பை உதிர்த்துவிடும். கர்ப்பிணிகள் கன்று போடும் வசந்தம் வரை வைத்திருந்து, பனியைக் கிளறிக் கண்டுபிடித்த தீனியை மற்றவை பறிக்காமல் பார்த்துக்கொள்ளும். கிறிஸ்துமஸ் அட்டையில் கொம்போடு வண்டி இழுப்பவை பெரும்பாலும் பெண்களாகத்தான் இருக்கவேண்டும்.)

அக்காவின் கையிருப்பு என்ன? அதற்கு முந்தைய மாதம் எடுத்த சோதனையில் ஹீமோகுளோபின் 8.1. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 இருக்கவேண்டும். 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. இந்தியா முழுவதற்கும் 57. ஆக, அக்காவிடம் அதிசயம் எதுவும் இல்லை. எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் ஒட்டியிருப்பதைச் சாப்பிடுகிறவள், வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறவள், கம்பெனியில் டாய்லெட்டுக்கு அனுமதி கேட்கப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறவள். உறக்கத்தில் இருக்கும் கரடி மாதக்கணக்கில் சிறுநீர் கழிக்காது. கழிவில் இருக்கும் யூரியாவை உடைத்து, அந்த நைட்ரஜனில் மறுபடி புரதம் செய்துகொள்ளும். எலும்பும் தேயாது. அக்காவுக்கு அந்த வசதி கிடையாது, அவளுக்குச் சிறுநீர்த் தொற்றுதான் வந்தது. மனித உடம்பு கொடுமையானது, கையிருப்பு குறைந்திருந்தாலும் பல சமயம் கருவை ஏற்றுக்கொண்டுவிடும். பிறகு தாயின் ரத்தத்திலிருந்தே அதை வளர்க்கும். எங்கள் தெருவில் அப்படிப் பிரசவத்தில் போன இரண்டு பேரின் பெயர் எனக்குத் தெரியும்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அப்போ அந்த ஆம்பளக் கரடி?” என்றாள்.

“இணை சேர்ந்ததும் போயிடும். குட்டி போடறதுல அதுக்கு வேற வேலயே கெடயாது.”

“இங்கயும் அதே கததான்” என்று சிரித்தாள். சிரிப்பு நின்றபிறகு, “ஒங்க மாமாவுக்கு இன்னும் ஒரு டெஸ்ட்டும் எடுக்கல தெரியுமா?” என்றாள்.

எனக்குத் தெரியாது. ஆறு வருடம். நான்கு டாக்டர்கள், மூன்று கடை ஞாயிறு, எண்ணிக்கை தெரியாத ஊசிகள், இரண்டு முறை ஸ்கேன். எல்லாம் அவளுக்கு. அவருக்கு ஒரு சின்னக் குப்பியில் மாதிரி கொடுக்கும் சோதனைகூடக் கிடையாது. டாக்டர் ஒருமுறை எழுதிக் கொடுத்தபோது, “எங்க பரம்பரையில அந்தக் கோளாறெல்லாம் இல்ல” என்று அத்தை சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாராம்.

அடுத்த கார்த்திகையில் அக்கா குளத்துக்குப் போகவில்லை. அவரும் சோதனை எடுத்துக்கொண்ட பிறகு இரண்டு பேருமாகப் போகலாம் என்று சொல்லிவிட்டாள். வீட்டில் பெரிய ரகளை. அத்தை இரண்டு நாள் சாப்பிடவில்லை. மாமா பேசவில்லை, இன்னும் சரியாகப் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் வேண்டாம் என்று அவள் சூப்பர்வைசரிடமும் சொன்னாள். அதற்காக வேறு லைனுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே டார்கெட் அதிகம். ஞாயிறு காலை எட்டரை வரை தூங்குகிறாள். அந்த நேரம் பார்த்து சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் பலமாகக் கேட்கும் என்கிறாள். புரண்டு படுத்துக்கொள்கிறாளாம்.

இரும்புச்சத்து மாத்திரை, முருங்கைக்கீரை, தினம் ஒரு முட்டை. முட்டையை முதலில் தன் தட்டில் வைத்துக்கொண்டுதான் மற்றவர்களுக்குப் போடுகிறாள். போன வாரச் சோதனையில் 10.4. மாமாவின் சீட்டு பீரோவில் இருக்கிறது, இன்னும் தேதி குறிக்கவில்லை. ஏப்ரல் பிறந்துவிட்டதால் லைனில் கம்பளி பூட்ஸ் ஓடத் தொடங்கியிருக்கிறது. இந்த வருடம் உயரம் அதிகமாம், முழங்கால் வரை.