எங்க குளிருக்கு எந்த பிரிஜ்?

"நுவரெலியாக்காரங்களுக்கு எதுக்கு பிரிஜ்? வெளியில வச்சாலே போதுமே!" கொழும்புக்கு வேலைக்குப் போன எங்களில் இதைக் கேட்காதவர்கள் குறைவு. சிரித்துவிட்டு விட்டுவிடுவோம். ஆனால் இப்போது லயத்து வீடுகளிலும் பிரிஜ் இருக்கிறது, தவணைக்கு எடுத்தது. அதற்குள் இறைச்சியோடு அப்பாயியின் இன்சுலினும் இருக்கிறது. அதனால் எது நல்ல பிரிஜ் என்ற கேள்வி எங்களுக்கு விளையாட்டு இல்லை.

கடையில் கேட்டால் லீட்டர் கணக்கும் விலையும் சொல்வார்கள். ஆய்வுகூடத்தில் கதை வேறு. ஐஇசி 62552 என்றொரு சர்வதேசத் தரம் இருக்கிறது. அதன்படி, சூடு ஏறாமல் இறங்காமல் வைத்த ஓர் அறைக்குள் பிரிஜ்ஜை நிறுத்தி, உள்ளே பல இடங்களில் வெப்பத்தை அளந்து, எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பார்ப்பார்கள். அறை ஒருமுறை 16 பாகை செல்சியஸ், இன்னொருமுறை 32 பாகை. சாப்பாட்டுப் பெட்டி சராசரியாக 4 பாகையில் நிற்க வேண்டும். இரண்டு அளவையும் ஒவ்வொரு நாடும் தன் காலநிலைக்கு ஏற்றபடி கலந்து வருடக் கணக்கைப் போடும்.

32 பாகை கொழும்புப் பகல் மாதிரி. 16 பாகை நாங்கள்! நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, வருடச் சராசரியே 16க்குப் பக்கம்தான். ஆக, அதே பிரிஜ் எங்கள் வீட்டில் குறைவாகத்தான் கரண்ட் குடிக்கும். 2022இலும் 2023இலும் பில் ஏறிய ஏற்றத்துக்கு இது நல்ல செய்தி.

கெட்ட செய்தி பிரிஜ்ஜின் பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கிறது. அங்கே ஒரு காலநிலை எழுத்து இருக்கும். 'டி' என்றால் 16 முதல் 43 பாகை வரை, 'எஸ்டி' என்றால் 16 முதல் 38 வரை, 'எஸ்என்' என்றால் 10 முதல் 32 வரை. தை மாதம் உறைபனி கொட்டும் ஊரில், தகரக் கூரைக்குக் கீழே ராத்திரி 16 எங்கே நிற்கும்? ஒரே தெர்மோஸ்டாட் உள்ள பிரிஜ் சாப்பாட்டுப் பெட்டியை மட்டும்தான் பார்க்கும். வெளியே குளிர் என்றால் அந்தப் பெட்டி சும்மாவே குளிர்ந்து கிடக்கும். கம்பிரசர் ஓடாது. பிரீசரில் இறைச்சி இளகும். நாமோ பிரிஜ் பழுது என்று திருத்துபவரைக் கூப்பிடுவோம்.

இன்னொரு சோதனையும் உண்டு: கரண்டை நிறுத்திவிட்டு, பிரீசர் மைனஸ் 18இலிருந்து மைனஸ் 9க்கு ஏற எத்தனை மணித்தியாலம் எடுக்கிறது என்று பார்ப்பது. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

வீட்டில் எங்களால் செய்ய முடிந்தது சின்னச் சோதனை. ஒரு கிளாஸ் தண்ணிக்குள் வெப்பமானியைப் போட்டு ராத்திரி முழுக்க பிரிஜ்ஜில் விட்டோம், தட்டுக்கு ஒரு ராத்திரி. நடுத்தட்டில் 5 பாகை. பின்சுவரை ஒட்டி 1 பாகை. கதவில் 9. திறக்காத இன்சுலின் 2க்கும் 8க்கும் நடுவில் இருக்க வேண்டும், உறைந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். அப்பாயி வைத்திருந்தது பின்சுவரோடு.

"அங்கதான்யா நல்லா குளிரும்" என்றார்.

இப்போது அது நடுத்தட்டில், ஒரு டப்பாவுக்குள் இருக்கிறது. அடுத்து பிரிஜ் வாங்கப் போகிறவர்கள் நிறத்தைப் பார்க்க முன்னம், அதைத் திருப்பி ஸ்டிக்கரைக் காட்டச் சொல்லுங்கள்.