வடியாமல் நின்ற தண்ணீர்

குவைத்தில் வீட்டு வேலை செய்து திரும்பிய அக்கா ஒருவரைப் படுவான்கரையில் சந்தித்தேன். அவர் வேலை செய்த வீட்டில் பாத்திரம் கழுவும் இயந்திரத்தினுள் தண்ணீர் வடியாமல் நின்றதாம். இவர்தான் உடைத்தார் என்று அரைமாதச் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள்.

எனக்கும் அந்த இயந்திரம் அப்போது புதிதுதான். நம் வீடுகளில் அது ஏது? பின்னர் கொழும்பில் தோழி ஒருத்தியின் வீட்டில் பார்த்துப் பழகினேன்.

கீழ்த்தட்டை வெளியே எடுத்தால் அடியில் தேநீர் வடி போன்ற ஒன்று இருக்கும். அதில் சோறும் முள்ளும் அடைத்தால் தண்ணீர் போகாது. முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். நின்ற தண்ணீரைக் கோப்பையால் அள்ளுங்கள். உடைந்த கண்ணாடி கிடக்கலாம், வெறும் விரலை விடாதீர்கள். வடியை இடப்பக்கம் திருகிக் கழற்றி, பழைய பற்தூரிகையால் தேய்த்துக் கழுவி, திரும்ப இறுக்கிப் பூட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பாத்திரத்தில் அழுக்குப் போகாவிட்டால், தண்ணீரைச் சுழற்றியடிக்கும் கைகளின் துளைகளைக் குத்திவிட வேண்டும். ஈர்க்கு நல்லது, அங்கே பற்குச்சிதான். கையால் கழுவும் திரவச் சவர்க்காரத்தை மட்டும் ஊற்றவே கூடாது. நுரை பொங்கித் தரையெல்லாம் ஓடும்.

மறுமுறை போனபோது இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். "பத்து நிமிஷ வேலையா மிஸ்?" என்றார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு ஒரு கொப்பியைக் கொண்டுவந்து, அந்த வடியை வரைந்து தரச் சொன்னார். அடுத்த மாதம் அவருடைய தங்கை பயணமாகிறாள்.