புத்தி சொல்லப் போனேன்

யாருக்காவது புத்தி சொல்ல வேண்டியிருந்தால் எங்கள் குடும்பத்தில் என்னைத்தான் அனுப்புவது வழக்கம். கதை எழுதுகிறவனுக்கு நாலு பேர் மனசு தெரியும் என்று ஓர் எண்ணம். என் கதைகளில் புத்தி சொல்லப் போனவர்கள் யாரும் போன காரியத்தை முடித்துக்கொண்டு திரும்பியதில்லை. உறவினர்கள் அதைக் கவனிக்கவில்லை. அவர்கள் என் கதைகளைப் படிப்பதில்லை என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

இந்தத் தடவை அனுப்பியது அக்கா. அவள் மகன் பெங்களூரில் ஒரு வீடியோ விளையாட்டுக் கம்பெனியில் ஒன்பது வருஷம் இருந்தவன். குழந்தைகளும் பெரியவர்களும் கைபேசியில் விரலால் தள்ளித் தள்ளி ஆடுகிறார்களே, அந்த மாதிரி விளையாட்டுக்களை உண்டாக்குவது அவன் உத்தியோகம். நல்ல சம்பளம். அதை விட்டுவிட்டுக் கோவில்பட்டிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் ஆசிரியனாகச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. முன்பு வாங்கியதில் நாலில் ஒரு பங்குகூட இப்போது இல்லை. கல்யாணம் பேசி முடிக்கும் தறுவாயில் இருந்த பெண் வீட்டார் இதைக் கேள்விப்பட்டதும் ஜாதகத்தை மறுபடி பார்த்தார்கள். முதல் தடவை தெரியாத தோஷம் ஒன்று இரண்டாம் தடவை தெரிந்துவிட்டது.

"முப்பத்துநாலு வயது ஆகிறது, தம்பி. ஒரு வருஷம் விளையாடியது போதும். திரும்பிப் போகச் சொல்லு. நீ சொன்னால் கேட்பான்" என்றாள் அக்கா.

விளையாட்டுச் செய்கிற வேலையை உத்தியோகம் என்றும், பாடம் சொல்லித் தருகிற வேலையை விளையாட்டு என்றும் அவள் சொன்னது எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஆனால் அவள் குரலில் வேடிக்கை இல்லை. மறுநாள் ராத்திரியே ரெயில் ஏறினேன்.

அவன் குடியிருப்பது ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு மேஜை, சுவரில் ஒரு பலகை. பலகையில் சாமி படத்துக்குப் பக்கத்தில், சாம்பல் நிறத்தில் பாதிச் செங்கல் அளவு ஒரு பொருள் இருந்தது. கையில் வைத்து ஆடும் பழைய விளையாட்டுப் பெட்டி. நான் அதைக் கவனிக்காதவன்போல், ரெயிலில் தயார் செய்துகொண்டு வந்த வாக்கியத்தை ஆரம்பித்தேன்: "இந்த வயதில் தொழிலை மாற்றுவது என்றால்..."

"அந்தப் பெட்டியைச் செய்தவர் தொழிலை விட்டபோது வயது ஐம்பத்துநாலு, மாமா" என்றான்.

அவன் சொன்ன கதையை நானும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் கியோட்டோ நகரத்தில் 1889-ல் பூப்படம் போட்ட விளையாட்டுச் சீட்டு செய்ய ஆரம்பித்த கம்பெனி நின்டெண்டோ. 1965-ல் அங்கே குன்பெய் யோகோய் என்ற வாலிபர், சீட்டுச் செய்யும் யந்திரங்களைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்தார். கை சும்மா இருக்கும் நேரத்தில், சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பூட்டி, பிடியை அழுத்தினால் நீண்டு போய் எட்டாத பொருளைப் பற்றிக்கொள்ளும் கை ஒன்றைச் செய்தார். அதை முதலாளி யாமவுச்சி பார்த்துவிட்டார். நம் ஊராயிருந்தால் சீட்டுக் கிழிந்திருக்கும். அவரோ, அதையே விற்பனைச் சரக்காகச் செய்து கொடு என்றார். 1966-ல் வெளிவந்த அந்தக் கை பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

பிறகு ஒரு நாள், அதிவேக ரெயிலில் சக பிரயாணி ஒருவர் பொழுது போகாமல் கணக்குப் போடும் சிறு யந்திரத்தின் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்ததைக் கண்டார். அதிலிருந்து பிறந்தது 1980-ல் வந்த சட்டைப்பை விளையாட்டு. 1989-ல் இந்தச் சாம்பல் பெட்டி, கேம் பாய். அதே வருஷம் போட்டிக் கம்பெனி ஒன்று வர்ணத் திரை போட்டு, ஆறு பாட்டரிகளைச் சில மணி நேரத்தில் குடித்துவிடும் பெட்டியைக் கொண்டுவந்தது. இவர் பெட்டியில் வர்ணம் இல்லை. நாலு பாட்டரி போட்டால் பல மணி நேரம் ஓடும். பழசாகி, மலிவாகி, எல்லாருக்கும் பழகிப்போன நுட்பத்தை எடுத்து யாரும் நினைக்காத காரியத்துக்கு உபயோகிக்க வேண்டும் என்பது யோகோயின் கொள்கை. கேம் பாயும் பின்னால் வந்த அதன் வர்ணப் பதிப்புமாகச் சேர்ந்து 11 கோடிக்கு மேல் விற்றன.

1995-ல் அவர் செய்த வேறொரு விளையாட்டு, கண்களைப் புதைத்துப் பார்க்கும் கருவி, படுதோல்வி அடைந்தது. மறு வருஷம் ஆகஸ்டில், முப்பத்தொரு வருஷம் இருந்த கம்பெனியை விட்டு வெளியேறி, சொந்தமாகச் சிறு நிறுவனம் வைத்தார். ஒரு வருஷமும் சில வாரங்களுமே அவருக்குக் கிடைத்தன. 1997 அக்டோபர் 4-ந் தேதி, விரைவுச் சாலையில் ஒரு சிறு மோதலுக்குப் பிறகு காரிலிருந்து இறங்கி நின்றவர்மீது இன்னொரு கார் மோதிவிட்டது. அவர் உருவாக்க உதவிய புதுப் பெட்டி 1999-ல் வேறொரு கம்பெனியின் பெயரில் கடைக்கு வந்தது. அதற்கு ஒரே ஒரு பாட்டரி போதும்.

"அந்த ஒரு வருஷத்தில் அவர் என்ன சம்பாதித்தார்?" என்று கேட்டேன்.

"அம்மா கேட்கச் சொன்னாளா?" என்று சிரித்தான்.

சாயந்திரம் கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு ரெயில்வே ஸ்டேஷன் பக்கம் நடந்தோம். ஏன் விட்டான் என்பதை அங்கேதான் சொன்னான்.

2023-லும் 2024-லும் உலகம் முழுவதும் விளையாட்டுக் கம்பெனிகள் ஆட்களைக் குறைத்தன. மைக்ரோஸாப்ட் மட்டும் 2024 ஜனவரியில் தன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. அந்த அலையில் இவன் கூட்டத்திலும் பாதிப் பேர் போனார்கள். இவன் போகவில்லை. போனவர்களுடைய வேலை இவனிடம் வந்தது.

"ஆட்டம் எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்று அளந்து வைப்பது என் வேலை, மாமா. இருபது நகர்த்தலில் முடிக்க வேண்டிய ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபதும் தீர்ந்துபோகிறது, ஒரே ஒரு கட்டம் பாக்கி நிற்கிறது. 'இன்னும் ஐந்து நகர்த்தல் வேண்டுமா? இவ்வளவு ரூபாய்' என்று உடனே கேட்கும். ரொம்பத் தூரத்தில் தோற்றால் மனுஷன் சிரித்துவிட்டுப் போய்விடுவான். மயிரிழையில் தோற்றால்தான் பணம் எடுப்பான். அந்த மயிரிழையை நான்தான் வைத்தேன்."

ஒரு நாள் அவன் குடியிருந்த கட்டடத்துக் காவற்காரர் அவன் செய்த விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தாராம். நாற்பத்திரண்டாவது லெவல். "இன்னும் ஒன்றுதான் சார் பாக்கி" என்று ஆசையோடு இவனிடம் காட்டிவிட்டுப் பணம் கட்டினார். அது இவன் கையால் அமைத்த லெவல். அந்த வாரமே ராஜிநாமா எழுதினான்.

நான் கடலை மிட்டாயை மெல்லாமல் வாயில் வைத்துக்கொண்டிருந்தேன். வாசகர்களே, உங்களிடம் மறைப்பானேன்? இருபது வருஷமாக வாரப் பத்திரிகைகளில் தொடர்கதை எழுதுகிறேன். அத்தியாயத்தின் கடைசி வரியில் யாரோ கதவைத் தட்டுவார்கள். அல்லது கதாநாயகி கடிதத்தைப் பிரித்து, "ஐயோ!" என்பாள். கீழே 'தொடரும்'. மதுரையிலிருந்து ஓர் அம்மாள் ஒரு தடவை எழுதியிருந்தார்: "கதவைத் தள்ளியது பூனை என்று இந்த வாரம் சொல்கிறீர்கள். ஒரு வாரம் என் தூக்கத்தைக் கெடுத்ததற்கு என்ன பதில்?" நண்பர்களிடம் படித்துக் காட்டிச் சிரித்தேனே தவிர, பதில் எழுதவில்லை. அந்தப் பூனையும் நான் அளந்து வைத்த மயிரிழைதான். என் மருமகனுக்கு ஒன்பது வருஷத்தில் உறுத்தியது எனக்கு இருபது வருஷமாக உறுத்தவில்லை. இவனுக்கு என்ன புத்தி சொல்வது?

மறுநாள் அவன் வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும் பாடம். அனேகமாக எல்லாருமே பத்தாம் வகுப்பில் குறைந்த மார்க்கு வாங்கி, "உனக்குப் படிப்பு வராது" என்று கேட்டுக் கேட்டு வந்த பிள்ளைகள். ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தான். பன்னிரண்டு கணக்கு. முதல் கணக்கில் ஒரு சொல்தான் காலி. அதை யாரும் தவறவிட முடியாது. அடுத்ததில் இரண்டு சொல். இப்படியே ஏறிக்கொண்டு போகிறது. தப்பாகப் போட்டால் சிவப்பு மை இல்லை. அடித்துவிட்டு உடனே மறுபடி போடலாம். அவன் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து, யாருடைய பேனா எந்தக் கணக்கில் நிற்கிறது என்று மட்டும் குறித்துக்கொண்டான்.

"1985-ல் வந்த மாரியோ விளையாட்டின் ஆரம்பத்தில் யாரும் எதையும் சொல்லித் தருவதில்லை" என்று பிறகு விளக்கினான். "எதிரே ஒரு சின்ன எதிரி வருவான். முட்டினால் ஆள் அவுட். மறுபடி முதலிலிருந்து. இரண்டாவது தடவை தாண்டிக் குதிக்கத் தெரிந்துவிடும். தோற்றவனைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை, அவ்வளவுதான். அங்கே ஆள் எந்த இடத்தில் தடுமாறுகிறான் என்று பார்த்துப் பணம் கேட்டேன். இங்கே பேனா எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்து, அதற்கு முன்னால் இன்னொரு படி வைக்கிறேன்."

இதைச் சொல்லிவிட்டால் கதை சுகமாக முடிந்துவிடும். ஆனால் அவன் அப்படி முடிக்கவில்லை. போன பரீட்சையில் பாதிப் பேர் தேறவில்லையாம். "விளையாட்டில் ஆடுகிறவனுக்கு வேறு கவலை இல்லை, மாமா. இங்கே ஒரு பையன் ராத்திரி பரோட்டாக் கடையில் வேலை செய்துவிட்டு வந்து என் வகுப்பில் தூங்குகிறான். அவனுக்கு எந்தப் படியை வைப்பது?" மாதக் கடைசியில் அம்மாவுக்குப் பணம் அனுப்பும்போது வெட்கமாக இருக்கிறது என்றான். பழைய சிநேகிதர்களோடு ராத்திரி முழுக்க உட்கார்ந்து, ஒரு பொம்மை குதிப்பது கைக்குச் சரியாக வந்துவிட்டதா என்று பார்த்த நாட்களை நினைத்துக்கொள்வதுண்டு என்றான். திரும்பிப் போவாயா என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

திரும்பும் ரெயிலில் அந்த வார அத்தியாயத்தை முடிக்க வேண்டியிருந்தது. வழக்கம்போல் கடைசி வரியில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. சற்று நேரம் யோசித்துவிட்டு, அந்த வாரமே கதவைத் திறந்துவிட்டேன். ஆசிரியருக்குப் பிடித்திருக்காது.

வீட்டுக்குள் நுழைவதற்குள் அக்காவின் போன்.

"பேசினாயா?"

"பேசினேன்."

"என்ன சொன்னான்?"

"களைப்பாக இருக்கிறது, அக்கா. நாளைக்கு விவரமாகச் சொல்கிறேன்."

"தொடர்கதை எழுதுகிற புத்தியை என்னிடம் காட்டாதே. இப்போதே சொல்லு."

சொன்னேன். அவன் இப்போதைக்கு வருவதாகத் தோன்றவில்லை; வா என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை என்றேன். காவற்காரரைப் பற்றிச் சொன்னேன். பரோட்டாக் கடைப் பையனைப் பற்றியும் சொன்னேன். அவள் வெகு நேரம் பேசவில்லை. போனை வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

"அந்த ஊரில் தண்ணீர்க் கஷ்டம் என்பார்களே" என்றாள் கடைசியில். "அவன் இருக்கிற இடத்தில் எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் விடுகிறார்களாம்?"

அதை மட்டும் நான் கேட்டுக்கொண்டு வரவில்லை.