வா வா என்று கூப்பிட்ட விளக்கு

கோலசிலாங்கூருக்குப் போகும் நம்மவர்கள் மின்மினி பார்ப்பார்கள், மீன் வாங்குவார்கள், மலாவத்திக் குன்றில் ஏறிக் குரங்குக்குக் கடலை போடுவார்கள். அங்கே நிற்கும் வெள்ளைக் கோபுரத்தின் முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். நீங்களும் அப்படித்தானே? அடுத்த முறை கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் இந்த மண்ணை மிதிக்கும் முன் கண்டது இதுபோன்ற ஒரு வெளிச்சத்தைத்தான்.

கோபுரத்தின் உயரம் 27 மீட்டர். பெயர் ஆல்டிங்ஸ்பர்க். 1784-இல் இந்தக் குன்றைப் பிடித்த டச்சுக்காரர்கள், தங்கள் கவர்னர் ஜெனரல் ஆல்டிங்கின் பெயரைக் கோட்டைக்குச் சூட்டினார்கள். மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் அவர்களை விரட்டிவிட்டார். பிற்பாடு ஆங்கிலேயர் விளக்கு கட்டினார்கள். பழைய பெயர் அதில் ஒட்டிக்கொண்டது.

என் பாட்டி நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறியவர். டெக்கில் பாய் விரித்து, வாந்தியும் அழுகையுமாக வந்த பயணம். பினாங்கில் பலர் இறங்கிவிட, மறுநாள் விடிவதற்கு முன் கறுத்த கரையோரம் ஒரு வெளிச்சம் தெரிவதும் மறைவதுமாக இருந்ததாம். "வா வான்னு கூப்பிடற மாதிரி இருந்துச்சு தாயி" என்பார். பிறகு போர்ட் சுவெட்டன்ஹாம் (1972 முதல் அதற்குப் போர்ட் கிள்ளான் என்று பெயர்), தடுப்பு முகாம், லாரி, ரப்பர் தோட்டம். "எதுக்குக் கூப்பிட்டுச்சுன்னு லயத்துக்கு வந்த பிறகுதானே தெரிஞ்சது!" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பில் எனக்கு என்றைக்கும் சிரிப்பு வந்ததில்லை.

பாட்டிக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். காகம் கரைகிறது என்கிறோமே, கரைதல் என்றால் அழைத்தல். கலம் என்றால் கப்பல். கலத்தைக் கரைந்து அழைப்பதால்தான் அது கலங்கரை விளக்கம். பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையிலேயே, உயர்ந்த மாடத்தில் இரவில் எரியும் இந்த விளக்கைப் பற்றிய சேதி இருக்கிறது.

அவ்வளவு தூரம் வெளிச்சம் எப்படிப் போகிறது? விளக்கு மட்டும் பெரிதாக இருந்தால் போதாது. பால்மரம் வெட்டப் போகும்போது நெற்றியில் கட்டும் விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருக்கும் தகடுதானே ஒளியை முன்னே தள்ளுகிறது? இங்கே அந்த வேலையைக் கண்ணாடி செய்கிறது. பிரெனல் என்ற பிரெஞ்சுக்காரர் 1820-களில் கண்டுபிடித்தது. வளையம் வளையமாக அடுக்கிய கண்ணாடித் துண்டுகள், நாலாபக்கமும் சிதறும் ஒளியைத் திரட்டி ஒரே கற்றையாக அனுப்புகின்றன. கண்ணாடி சுழலும்போது அந்தக் கற்றை நம்மைக் கடக்கும் நொடியில் 'பளிச்', பிறகு இருட்டு. அணைத்து அணைத்து ஏற்றுகிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

அந்த இருட்டுக்கும் கணக்கு உண்டு. பிரட்டு மணியின் ஓசையை வைத்தே அது எந்தத் தோட்டத்து மணி என்று சொல்வோமல்லவா? அதுபோல, எத்தனை நொடிக்கு ஒருமுறை மின்னுகிறது என்று எண்ணி, வரைபடத்தோடு ஒப்பிட்டு, இது இன்ன விளக்கு என்று மாலுமி அறிந்துகொள்வார். இன்று செயற்கைக்கோள் வழிகாட்டுகிறது. ஆனாலும் கருவி பழுதானால் கண்தானே துணை?

இன்னொரு விளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது குன்றில் இல்லை. கிள்ளானுக்கு மேற்கே, மலாக்கா நீரிணையின் நடுவில், தூண்கள்மேல் நிற்கிறது. பெர்மாத்தாங் செடெப்பா என்ற மணல்திட்டு அது. டெப்பா என்றால் இரு கைகளையும் விரித்த அளவு, சுமார் ஆறடி; நம் ஊர் மீனவர்கள் 'பாகம்' என்பார்களே, அதுதான். பெரிய கப்பல்கள் போகும் வழியில் அவ்வளவு மேலே மண் இருந்தால் என்ன ஆகும்! 1874-இல் அங்கே முதல் விளக்கு ஏறியது. 1907-இல் கான்கிரீட்டில் வேறு கட்டினார்கள். 1999-இல் புதிய கோபுரம் வந்தது. பழைய விளக்கைக் காத்தவர்களுக்கு வாசல் கிடையாது, முற்றம் கிடையாது. அரிசியும் பருப்பும் படகில் வரவேண்டும், கதவைத் திறந்தால் கடல்.